கோட்டுக்குள்ளே இருக்கும் வேலைக்குத்தான் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கோட்டு, சூட்டு விலையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று மீட்டர் துணி, அரை டஜன் பட்டன், ஒரு நாள் தையல்கூலி, மீதியெல்லாம் கடையின் பெயருக்கும் விளம்பரத்துக்கும் என்று எழுதியவர் கணக்குப் போட்டிருக்கிறார். சில கோட்டுகளுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கும். நன்றாகத் தைத்த கோட்டுக்கு அது பொருந்தாது. நான் கோட்டு தைக்கிறவள். அப்பாவிடம் கற்ற தொழில். அண்ணன் அளவெடுத்து வெட்டுவார், தைப்பது நான். அதனால் அந்த "ஒரு நாள் தையல்" என்ற இடத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

துணியைப் பற்றி அவர் சொன்னது ஓரளவு சரிதான். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு கோட்டும் பேண்டும் தைக்க 3 முதல் 3.5 மீட்டர் வரை போகும். கட்டம் போட்ட துணியென்றால் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் பாக்கெட் மூடியின் கட்டமும் அதன் அடியிலிருக்கும் துணியின் கட்டமும் ஒரே நேராக வர வேண்டும், கையின் கட்டம் மார்பின் கட்டத்தோடு சேர வேண்டும். அப்படிப் பொருத்தி வெட்டும்போது வீணாகும் துணிக்கும் விலை உண்டு. ஆனால் எந்தத் துணி என்பதுதான் பெரிய கேள்வி. நல்ல சூட்டுத் துணி பெரும்பாலும் மெரினோ ஆட்டின் கம்பளி. நேர்த்தியான மெரினோ கம்பளிக்கு உலகமே பெரும்பாலும் ஆஸ்திரேலியாவை நம்பியிருக்கிறது. கத்தரித்த கம்பளியைக் கழுவி எண்ணெயும் மண்ணும் போனால் எடையில் நல்ல பங்கு குறைந்துவிடும். அப்புறம் அதைச் சீவிச் சீவி, குட்டை இழைகளை ஒதுக்கி, நீள இழைகளை மட்டும் ஒரே திசையில் அடுக்கி நூற்பார்கள். ஒதுக்கிய இழை சூட்டுத் துணிக்கு ஆகாது. இத்தாலியின் பியெல்லாவும் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டும் இந்தத் துணிக்குப் பேர்போன ஊர்கள். மலையிலிருந்து வரும் மென்மையான தண்ணீர் அங்கே கிடைப்பது அதற்கு ஒரு காரணம். கம்பளியைக் கழுவவும், நெய்த துணியைப் பதப்படுத்தவும் அப்படிப்பட்ட தண்ணீர்தான் தோது.

சரி, துணியை விட்டுவிடுவோம். கட்டுரையாளர் பார்க்காத இடம் வேறு. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு கோட்டு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கேன்வாஸ் என்று சொல்வோம். கம்பளி, பருத்தி, ஆட்டுமுடி, ஒட்டகமுடி என்று பல கலவையில் வரும். தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை கோட்டின் முன்பக்கம் முழுக்க உள்ளே ஓடும். மார்புப் பகுதியில் இன்னொரு அடுக்கு வரும். அது குதிரைவால் முடியைக் குறுக்கு இழையாக ஓட்டி நெய்தது. ஒற்றை ஒற்றை முடியாகவே ஓட்டினால், முடி எவ்வளவு நீளமோ அந்தத் துணி அவ்வளவு அகலம்தான் வரும். அதை வளைத்துப் பாருங்கள், கையை விட்டதும் நிமிர்ந்துவிடும். வருடக்கணக்கில் போட்ட கோட்டின் மார்பு தொய்யாமல் நிற்பது அந்த முடியின் உபயம்தான். முடியின் முனை சட்டையைத் தாண்டிக் குத்தக் கூடாது என்று அதன்மேல் மெத்தென்ற ஒரு துணியை வைத்து மூடுவோம். தண்ணீர் பட்டால் பின்னாளில் சுருங்கிவிடும் என்பதால், கேன்வாஸை வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைப்போம்.

இந்த அடுக்குகளை இணைக்கும் வேலையைத்தான் வாசகர்கள் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். லேப்பல், அதாவது மார்பில் மடிந்து கிடக்கும் அந்தப் பட்டையை, இடது கையின் ஆள்காட்டி விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொள்வேன். கேன்வாஸ் மேலே, துணி அடியில். ஊசி கேன்வாஸைக் கடந்து அடியிலிருக்கும் துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் தொட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு இழை எடுத்தால் வெளியே குழி விழும், ஒன்றும் எடுக்காவிட்டால் பிடிப்பே இருக்காது. ஊசிமுனை எவ்வளவு ஆழம் போனது என்று கண்ணால் பார்க்க வழியில்லை, அடியிலிருக்கும் விரல் நுனியில் அது லேசாக உரசுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஆள்காட்டி விரலின் தோல் அந்த இடத்தில் தடித்துப் போயிருக்கிறது. வளைத்துப் பிடித்தபடியே தைப்பதால் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நீளம் மயிரிழை வித்தியாசப்படும். அந்த வித்தியாசம்தான் லேப்பலை வளைத்து வைத்திருக்கிறது. கத்திபோல மடியாமல் மார்பிலிருந்து மெல்ல உருண்டு எழுந்து பட்டனில் வந்து சேரும். இரண்டு லேப்பலையும் மார்பையும் காலரையும் சேர்த்தால் இந்தத் தையல் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அத்தனையும் செய்து முடித்து லைனிங் போட்டுவிட்டால் ஒன்றுகூட யார் கண்ணிலும் படாது. இந்தத் தையலுக்கு மெஷினும் இருக்கிறது, நல்ல தொழிற்சாலைகளில் அதை வைத்து ஒழுங்காகவே செய்கிறார்கள். அந்தக் கோட்டையும் நான் மதிக்கிறேன். அதற்கும் நேரம் ஆகும், அதற்கும் செலவு உண்டு.

மலிவான கோட்டில் இதெல்லாம் இல்லை. பசை தடவிய உள்துணியை மேல்துணியின் பின்பக்கம் வைத்து, சூடான அச்சில் சில விநாடி அழுத்தினால் வேலை முடிந்தது. ஃபியூசிங் என்பார்கள். அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முதல் வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போகும் பையன் கோட்டு போட்டுப் போக முடிவதே ஃபியூசிங்கால்தான். வருடத்துக்கு இரண்டு தடவை போடுகிறவருக்கு அது போதும். ஆனால் வேலையின் பொருட்டு வாரத்தில் ஐந்து நாளும் கோட்டு போடுகிறவருக்கு அது தாங்காது. மழையும் வியர்வையும் டிரை கிளீனிங்கும் சேர்ந்து பசையை விடுவிக்கும். மார்பில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். அப்படி வந்த கோட்டை எங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதற்கு எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அந்தக் கொப்புளத்தை அயர்ன் பண்ணி அடக்கலாம், அடுத்த வாரமே மீண்டும் வரும்.

வெட்டும் வேலையையும் கட்டுரையில் காணோம். தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் பல கோட்டுகளுக்கு வெட்டிவிடுவார்கள். அண்ணன் ஒருவருக்காக ஒரு பேப்பர் பாட்டர்ன் போடுகிறார். அதை இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிற ஆளை அவர் அபூர்வமாகத்தான் பார்க்கிறார். பை மாட்டும் தோள் சற்று இறங்கியிருக்கும். சிலர் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள், அவர்களுக்கு முன்பக்கம் நீளம் கூட வேண்டும். கூன் போடுகிறவருக்கு முதுகுப்பக்கம் கூட வேண்டும். இந்தக் கணக்கு தப்பினால் பட்டன் போட்டதும் கோட்டின் கீழ்முனைகள் விரிந்து ஓடும், அல்லது பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பாதி தைத்த நிலையில், வெள்ளை நூலில் தற்காலிகத் தையல் போட்டு, ஆளைப் போடச் சொல்லி டிரையல் பார்ப்போம். பார்த்துவிட்டு முழுவதையும் பிரித்துவிடுவோம். ஆமாம், பிரித்துவிடுவோம். சாக் கட்டியால் போட்ட திருத்தத்தின்படி மீண்டும் வெட்டி மீண்டும் சேர்ப்போம். ஒரே கோட்டைக் கிட்டத்தட்ட இரண்டு முறை தைப்பது போலத்தான்.

கை வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டின் கைத்துண்டின் மேல்வளைவு, அது போய் உட்கார வேண்டிய தோள் ஓட்டையைவிடச் சுற்றளவில் பெரியது. வேண்டுமென்றே பெரிதாக வெட்டுகிறோம். அந்த மிகுதியைச் சுருக்கம் தெரியாமல், மடிப்பு விழாமல், விரலால் தள்ளித் தள்ளி உள்ளே அடக்கித் தையல் போட்டு, ஆவியும் சூடும் கொடுத்துக் கம்பளியைச் சுருங்கவைப்போம். கம்பளி அதற்கு இணங்கும், பாலியஸ்டர் இணங்காது. ஓட்டையைச் சின்னதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் வைத்தால்தான் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே எழும்பாது. ஆனால் ஓட்டை சின்னதாக இருந்தால் பலவித உடம்புகளுக்கும் ஒரே கோட்டு பொருந்தாது. அதனால் ரெடிமேடில் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். பேருந்துக் கம்பியைப் பிடித்ததும் கோட்டு காதுவரை ஏறுவது இதனால்தான்.

பட்டனுக்கு வருகிறேன். அரை டஜன் இல்லை. முன்னால் இரண்டு, இரண்டு கைகளிலும் நாலு நாலு, அதுவே 10 ஆகிவிட்டது. கொம்பில் செய்த பட்டனோ, கொரோசோ என்னும் பனைவகைக் கொட்டையில் செய்த பட்டனோ போட்டால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் அது மொத்த விலையில் பெரிய பங்கு இல்லை. பட்டனைவிட அது நுழையும் ஓட்டைக்குத்தான் செலவு. காஜா எடுப்பதை நான் கடைசியில், பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் செய்வேன். கோட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்ட நிலையில், அத்தனை நாள் உழைப்பின்மேல் கத்தரிக்கோலை வைத்து ஓட்டை வெட்ட வேண்டும். வெட்டியது வெட்டியதுதான், திருப்ப முடியாது. விளிம்பு பிரியாமல் ஓரத்தைக் கட்டி, அதையொட்டி ஒரு தடித்த நூலைக் கிடத்தி, மெழுகு தேய்த்த பட்டு நூலால் அதன்மேல் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் விளிம்பின் உச்சியில் ஒன்றையொட்டி ஒன்று உட்கார வேண்டும். ஒரு முடிச்சை இறுக்கி அடுத்ததைத் தளர்த்தினால் பல்வரிசை கோணியதுபோலத் தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் கண் வலித்துவிடும். ஒரு காஜாவுக்கு 15 நிமிடமாவது போகும். லேப்பலில் ஒன்று, முன்னால் இரண்டு, கைகளில் எட்டு என்று 11 காஜா. மெஷின் இதை விநாடிகளில் போட்டுவிடும். ரெடிமேட் கோட்டுகள் பலவற்றில் கையில் இருப்பது ஓட்டையே இல்லாத வெறும் தையல் கோடுதான், பட்டன் அதன்மேல் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கும்.

இனி அந்த "ஒரு நாள்" கணக்கைப் பார்ப்போம். லண்டனில் சாவில் ரோ என்ற தெருவின் தையல்கடைகள் 2004-ல் ஒரு சங்கம் தொடங்கின. அங்கே தைக்கும் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை இருக்க வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஆறு நாளுக்கும் மேலே. அது லண்டன் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஊசி எங்கும் ஒரே வேகத்தில்தான் போகும். எங்கள் மேஜையிலும் வேலை அதே அளவுதான் பிடிக்கிறது. உங்கள் கட்டுரையாளரின் கணக்கில் அந்த ஒரு நாளை எடுத்துவிட்டு 50 மணி நேரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு திறமையான ஆளுக்கு மணிக்கு என்ன கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்து பெருக்கிப் பாருங்கள். விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

முன்னெல்லாம் இவ்வளவு விலை இல்லையே என்று எங்களிடம் பெரியவர்கள் கேட்பதுண்டு. சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். அதற்குப் பிறகு நேர்த்தையல் எல்லாம் பல மடங்கு வேகமாகிவிட்டது. சட்டை மலிந்தது, பேண்ட் மலிந்தது. ஆனால் லேப்பலை விரலில் வளைத்துத் தைக்கும் என் கைக்கு எந்த வேகமும் வரவில்லை. அன்றைக்கு எத்தனை மணி நேரமோ, இன்றைக்கும் கிட்டத்தட்ட அத்தனை. மற்ற தொழில்களில் ஒரு மணி நேரத்தில் வரும் பலன் கூடியது, கூலியும் கூடியது. எங்கள் மணிக்கும் அந்தக் கூலி வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலைக்கு ஆள் வராது. இப்போதே வருவதில்லை. ஒரு பெண்ணோ பையனோ காலரைத் தனியாக வைக்கக் கற்றுக்கொள்ள வருடங்கள் பிடிக்கும், அதுவரை அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. அந்தச் செலவும் கோட்டின் விலையில்தான் சேர்கிறது.

கட்டுரையாளர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உள்ள இடமும் ஒன்று உண்டு. விலை அதிகம் என்பதாலேயே ஒரு கோட்டு நன்றாகத் தைத்தது ஆகிவிடாது. சென்ற மாதம் ஒருவர் பெரிய கடையொன்றில் வாங்கிய கோட்டை இடுப்பில் கொஞ்சம் விட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். நாங்கள் தைத்துக் கேட்கும் கூலியைவிட அதன் விலை அதிகம். லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால் மார்பில் பசை, முதுகுத் தையலில் விடுவதற்கு அரை சென்டிமீட்டர்கூடத் துணி இல்லை. நாங்கள் முதுகிலும் பக்கவாட்டிலும் பேண்டின் பின்தையலிலும் சில சென்டிமீட்டர் துணியை மடித்து உள்ளே விட்டுவைப்போம். ஆள் பருக்கலாம், இளைக்கலாம், கோட்டு கூடவே போக வேண்டும். ஒரு கோட்டில் அந்தத் துணியை மிச்சம் பிடித்தால் சிறு தொகைதான், ஆயிரம் கோட்டில் பிடித்தால் நல்ல லாபம். அவரை வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் கொடுத்த பணம் கோட்டுக்குள் போகவில்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நல்ல வேலைக்குக் கேட்கும் விலையையும் இந்த மாதிரி விலைகள்தான் சந்தேகத்துக்கு ஆளாக்குகின்றன.

துணியின் எண்ணும் அப்படித்தான். சூப்பர் 100, சூப்பர் 150 என்று போட்டிருப்பார்கள். அது இழையின் மென்மையைச் சொல்லும் எண். உலகக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏற விலை ஏறும், ஏனென்றால் அவ்வளவு மெல்லிய கம்பளி கிடைப்பது குறைவு. ஆனால் மெல்லிய இழை சீக்கிரம் தேயும், சீக்கிரம் கசங்கும். தினமும் போட சூப்பர் 100-ஐயோ 120-ஐயோ ஒட்டிய, கொஞ்சம் கனமான துணியே மேல் என்று நாங்கள் சொன்னால், விலை குறைந்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

அதனால் வாசகர்களுக்குக் கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். கோட்டின் கடைசி பட்டன் ஓட்டைக்குக் கீழே, வெளித்துணியை ஒரு கையின் இரு விரலாலும், உள்பக்கத் துணியை மறுகையின் இரு விரலாலும் கிள்ளி மெதுவாக விலக்குங்கள். நடுவில் எதனோடும் ஒட்டாமல் மூன்றாவதாக ஒரு துணி நழுவுகிறதா? அப்படியென்றால் கேன்வாஸ். வெளித்துணியே விறைப்பாக, நடுவில் ஒன்றும் தட்டுப்படவில்லையென்றால் பசை. பின்பு லேப்பலுக்கு அருகிலும் இதேபோலக் கிள்ளிப் பாருங்கள். மேலே கேன்வாஸும் கீழே பசையும் இருந்தால் அது பாதி கேன்வாஸ் கோட்டு. விலையும் நடுத்தரமாக இருந்தால் நியாயம்தான். கைமடிப்பிலுள்ள பட்டன் உண்மையாகவே திறக்கிறதா, முதுகுத் தையலின் உள்ளே விரலுக்குத் துணி தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்தை மீண்டும் எழுதும்போது கோட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் படம் போடாதீர்கள். எங்களிடம் பழைய கோட்டு இரண்டு இருக்கின்றன. ஒன்று பசை வைத்தது, கொப்புளம் வந்து போட முடியாமல் போனது. இன்னொன்று அப்பா கைப்பட கேன்வாஸ் வைத்துத் தைத்தது, லைனிங் நைந்துவிட்டது. இரண்டையும் அனுப்பி வைக்கிறோம், லைனிங்கைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். முதலாவதைத் திருப்பித் தர வேண்டாம். அப்பா தைத்ததை மட்டும் பத்திரமாக அனுப்பிவிடுங்கள். அதற்குப் புது லைனிங் வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணன் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
கோட்டு தைக்கும் வாசகி ஒருத்தி